கீழிருந்து மூன்றாவது கோடு

தம்பி,

நீ அனுப்பிய குளியலறைச் சுவர்ப் படத்தில் நான் முதலில் பார்த்தது, டைல்ஸுக்கு இடையில் கீழிருந்து மூன்றாவதாக இருந்த ஒரு கோடு. மற்றக் கோடுகள் எல்லாம் ஓரளவு டைல்ஸுக்குச் சமமாக இருக்க, அது மட்டும் உள்ளே போயிருந்தது. விளக்கு மேலே இருப்பதால் அதன் மேல் விளிம்பில் நூல் மாதிரி ஒரு நிழல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் தெரிந்த உன் முகத்தையும், நீ உயர்த்திக் காட்டிய கட்டைவிரலையும் பார்த்தேன். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாய்: "அம்மா, ரவித் தாத்தா போனிலை சொன்ன மாதிரியே செய்தனான். பூசின உடனை துடைச்சிட்டன். எப்பிடி இருக்கு?" நான் "நல்லா இருக்கு" என்று பதில் போட்டேன். அது உண்மையில்லை. அன்று முழுவதும் வேலையில் துணி மடித்துக்கொண்டே அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்லலாம் என்றால், நான் பாதியில் நிறுத்திவிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். இருந்து வாசி.

டைல்ஸுக்கு இடையில் விடுகிற இடைவெளியையும் அதை நிரப்பும் பூச்சையும் இங்கே ஃபூகே என்பார்கள். நாங்கள் வீட்டில் கோடு என்றுதான் சொன்னோம். பூசுகிற தூளைக் கோட்டு மா என்றோம். அந்தக் கோடுகளைப் பற்றி நீ சின்ன வயதிலிருந்து ஒரு கதை கேட்டிருக்கிறாய். பிறந்தநாளோ கலியாணமோ, சாப்பாட்டுக்குப் பிறகு ரவித் தாத்தா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார். "பீலெஃபெல்டிலை அக்கா வீட்டு பாத்ரூம் இருக்கெல்லோ, வேலை தெரிஞ்ச ஜெர்மன்காரனே வந்து நகத்தாலை சுரண்டிப் பாத்திட்டு ஆர் செய்தது எண்டு கேட்டவன். அது இந்தக் கை." கையை விரித்துக் காட்டுவார். நீ அந்தக் கையைப் பிடித்துப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு நாலு வயது இருக்கும். அதனால் இப்போது உன் முதல் வீட்டில், உன் முதல் சுவரைப் பூச வேண்டி வந்தபோது நீ அவரைக் கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு நான் ஒரு காரணமும் தரவில்லை. அந்தச் சுவரை உன் ரவித் தாத்தா, என் ரவி மாமா, செய்யவில்லை, தம்பி. நான் செய்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது.

பள்ளிக்கூடத்தை நான் இடையில் விட்டதற்கு வீட்டில் உதவி தேவைப்பட்டதுதான் காரணம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் சரியில்லை. இங்கே எழுதுவதற்கு மட்டும் புள்ளி இல்லை, வகுப்பில் கையை உயர்த்திப் பேசுவதற்கும் புள்ளி உண்டு என்பது உனக்குத் தெரியும். எழுத்தில் எனக்கு இரண்டும் மூன்றும் வரும். பேச்சில் எப்போதும் ஆறு, எல்லாவற்றிலும் மோசமான புள்ளி. ஆசிரியை என் பெயரைக் கூப்பிடும்போது விடை எனக்குத் தெரியும், வாய் மட்டும் திறக்காது. பின்வாங்கில் இருப்பவர்கள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, நான் வாய் திறக்கும்வரை எண்ணத் தொடங்குவார்கள். பத்தாம் வகுப்பை முடிக்காமல், சான்றிதழும் எடுக்காமல் வீட்டில் நின்றுவிட்டேன். என் அப்பா தொழிற்சாலைக்குப் போவார், அம்மா காலையில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போவார், தங்கை மது பள்ளிக்குப் போவாள். நான் சமைப்பேன். வருகிற ஜெர்மன் கடிதங்களை எல்லாம் வாசித்து அப்பாவுக்குச் சொல்வேன். வாசிப்பேன், பேசமாட்டேன். வாசலில் மணி அடித்தால் அறைக்குள் போய்விடுவேன்.

அது 2004ஆம் ஆண்டு. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மதுவும் நானும் வரவேற்பறையில் சோபாவை விரித்துப் படுப்போம். நான்காம் மாடியில் மூன்று அறை வீடு ஒன்று காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் அப்பா வீட்டுச் சொந்தக்காரியிடம் கேட்டார். ஃபிராவ் பெர்க் என்று பெயர், எழுபதை நெருங்கியவர், கறாரானவர். "சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து நீங்கள் இந்த வீட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்" என்று கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அதற்கு முந்திய சனிக்கிழமைதான் எங்கள் வீட்டில் மதுவுக்குத் தண்ணீர் வார்த்தார்கள்.

மது பெரிய பிள்ளையாகி இருந்தாள். ஊரில் என்றால் கிணற்றடியில் நடக்கிற விஷயம். மூன்றாம் மாடியில் குளியலறைதான் கிணற்றடி. வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கோடு. அதற்கு முந்திய வருடம்தான் ஃபிராவ் பெர்க் புதிதாகப் பதித்துத் தந்திருந்தார். அந்தச் சின்ன அறைக்குள் ஏழு பெண்கள், குளியல் தொட்டிக்குள் மது, கழிவறை மூடிக்கு மேல் படம் பிடிக்கிற பெடியன். தாய்மாமன் என்ற முறையில் ரவி மாமாதான் முதல் தண்ணீர் வார்த்தார். தமிழ்க் கடையில் வாங்கிய மஞ்சள் தூள் ஒரு பெட்டி முழுவதும் வாளியில் கரைத்திருந்தார்கள். படத்துக்கு வடிவாக இருக்கட்டும் என்று மாமா உயரத் தூக்கி ஊற்றினார். தண்ணீர் மதுவின் தலையில் பாதி விழுந்தது, சுவரில் பாதி விழுந்தது. பிறகு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்த்தோம். டைல்ஸில் ஒன்றும் இல்லை, ஒரு துணியால் துடைக்கப் போய்விட்டது. கோடுகள் மட்டும் தொட்டிக்கு மேல் சுவர் முழுவதும் மஞ்சளாக நின்றன.

அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமோ தெரியாது. சிவந்துவிடும். சுவரெல்லாம் இரத்தம் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா பயந்துபோய், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி எதற்கெடுத்தாலும் சொல்லுகிற வினாகிரிச் சாறு, தண்ணீர் கலக்க வேண்டிய அந்தக் கடும் வினாகிரியை, அப்படியே போத்தலோடு ஊற்றினார். சிவப்பு உடனே மாறித் திரும்ப மஞ்சளானது. அம்மா அதைப் பாதி வெற்றி என்று நினைத்துவிட்டார். "பாத்தியே, விடுது," என்றார். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஊற்றிக் கம்பிப் பஞ்சால் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை. கோடுதான் போனது. வினாகிரி சிமெந்தைத் தின்னும். புதன்கிழமை பின்னேரம் நான் விரலால் தொட்டபோது மணல் மாதிரிக் கொட்டியது. சில இடங்களில் டைல்ஸின் வெட்டு விளிம்பே வெளியே தெரிந்தது. இது எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய பிழை என்று இப்போது சிரிப்பு வருகிறது. அன்று அப்பா குளியலறை வாசலில் நின்றுவிட்டுச் சாப்பிடாமலே போய்ப் படுத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் ரவி மாமா வேலைக்குப் போகிற வழியில் வந்தார். அப்போது ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் சமையலறையில் இருந்தார். வரும்போது ஒரு பை கோட்டு மா, ஒரு ரப்பர் பலகை, ஒரு பெரிய ஸ்பொஞ்ச் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"உனக்கு உது தெரியுமே, ரவி?" என்று அப்பா கேட்டார்.

"என்ன அத்தான், நான் கட்டிட வேலைக்குப் போனனான் எல்லோ."

"ரெண்டு நாள்," என்றார் அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி.

"ரெண்டு நாள் காணும் அக்கா. உது என்ன ராக்கெற்றே?"

மாவை வாளியில் கொட்டி, குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார். தோசை மா மாதிரிக் கரைத்தார். பலகையை எடுக்காமல் கையாலேயே கீழ் நாலு வரிசைக்கும் அப்பினார். அப்பிய கையோடு தண்ணீர் சொட்டுகிற ஸ்பொஞ்சால் கோட்டின் வழியே இழுத்து இழுத்துத் துடைத்தார். முக்கால் மணித்தியாலத்தில் முடித்து, நேரம் போகுது என்று கையைக் கழுவினார். "காயட்டும். மிச்சம் நாளைக்குப் பாப்பம்." பார்க்க அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஈரமாக இருக்கும்போது எல்லாக் கோடும் நிறைந்த மாதிரித் தெரியும், தம்பி. உன் படமும் நீ துடைத்த உடனே எடுத்திருந்தால் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் எல்லாம் உள்ளே போய், மயிரிழை மாதிரி வெடித்திருந்தது. எல்லாவற்றிலும் மோசம் கீழிருந்து மூன்றாவது கோடு. முழங்காலில் இருந்து துடைக்கிற ஆளுக்குக் கையின் முழுப் பலமும் விழுகிற உயரம் அது. உன் படத்தைப் பார்த்ததும் என் கண் நேரே அந்தக் கோட்டுக்குப் போனது அதனால்தான். நீயும் முழங்காலில் இருந்திருக்கிறாய். நீயும் கோட்டின் வழியே இழுத்திருக்கிறாய்.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாமா போனை எடுக்கவில்லை. அடுத்த நாள் பத்து மணிக்கு ஃபிராவ் பெர்க் வருவார். நான் கோட்டு மாப் பையை எடுத்து அதன் முதுகில் எழுதியிருந்ததை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தேன். மாமா வாசிக்கவில்லை. அவருக்கு ஜெர்மன் பேச வரும், வாசிக்கப் பொறுமை இல்லை. தண்ணீருக்குள் மாவைப் போட வேண்டும், மாவுக்குள் தண்ணீரை விடக்கூடாது என்று அதில் இருந்தது. கலக்கிய பிறகு ஐந்து நிமிடம் சும்மா விட்டு மறுபடி கலக்க வேண்டும் என்று இருந்தது. சுவரில் அமிலம் மிச்சம் இருக்கக்கூடாது என்றும் இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு வினாகிரி விஷயம் விளங்கியது. வெறும் தண்ணீரால் மூன்று தரம் சுவரைக் கழுவினேன். மாமா அப்பியது இன்னும் முழுதாக இறுகவில்லை, ஒரு பழைய கத்தியின் முனையால் வழித்து எடுக்க வந்தது. மற்றக் கோடுகளில் மணலாகிப்போனதையும் சுரண்டினேன். ஒரு டைல்ஸின் ஓரத்தில் சின்னத் துண்டு உடைந்து பல்லுப் போய்விட்டது. தூசியை எல்லாம் தூசு உறிஞ்சும் மெஷினால் இழுத்தேன். அதற்கே பதினொரு மணி ஆகிவிட்டது.

எனக்கும் முதலில் வரவில்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஒருவரும் பார்க்காத மூலையில் ஒரு சாண் பூசிப் பார்த்தேன். மா இளகலாக இருந்தது, காயக் காயக் கீழே இறங்கியது. இரண்டாவது தரம் இறுக்கமாக, ஆனால் நிறையக் குழைத்துவிட்டேன். சுவரில் பாதி பூசுவதற்குள் மீதி வாளியில் கல்லாகிவிட்டது. அதன் பிறகு தேநீர்க் கோப்பையால் அளந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்தேன். பதம் எப்படியென்றால், இடியப்ப மாவைவிட இளக்கம், தோசை மாவைவிட நல்ல இறுக்கம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உடனே விழாமல் கொஞ்சம் நின்று விழவேண்டும். ரப்பர் பலகையால் குறுக்கே, டைல்ஸின் மூலையிலிருந்து மூலைக்குப் போகிற மாதிரி அழுத்தி இழுத்தேன். கோட்டின் வழியே இழுத்தால் பலகையின் விளிம்பு கோட்டுக்குள் இறங்கி மாவைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடும். குறுக்கே இழுத்தால் இறங்க வழியில்லை. ஒரு கோட்டுக்கு இரண்டு தரம், வேறு வேறு பக்கத்திலிருந்து.

பிறகு பொறுக்க வேண்டும். மாமா விட்டது இதைத்தான். பூசிய உடனே துடைத்தால் தண்ணீர் கோட்டுக்குள் போய், மாவில் பாதியை ஸ்பொஞ்ச் கொண்டுபோய்விடும். கோடு நிறைந்திருக்கிற மாதிரிக் காட்டுவது வெறும் ஈரம். நான் ஒரு சுண்டு அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, கஞ்சி வடித்ததும் வந்து பார்த்தேன். டைல்ஸில் படிந்த மா மினுக்கம் போய் மங்கியிருந்தது. விரல் நுனியால் கோட்டைத் தொட்டேன். ஒட்டவில்லை, ஆனால் விரலின் அடையாளம் மெல்லப் பதிந்தது. அந்த நேரத்தில்தான் துடைக்க வேண்டும். ஸ்பொஞ்சைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. கையை விரித்து ஸ்பொஞ்சைத் தட்டையாக வைத்து, முதலில் மெதுவாக வட்டமாக, பிறகு குறுக்கே ஒரே இழுவை. ஒரு பக்கத்தால் ஒரு இழுவை, திருப்பி மற்றப் பக்கத்தால் ஒரு இழுவை, பிறகு கழுவு. தண்ணீர் பால் மாதிரியானால் மாற்று. விரல் நுனியால் அழுத்தாதே. அழுத்தினால் அந்த இடம் பள்ளமாகிவிடும். அன்று நான் எத்தனை வாளி தண்ணீர் மாற்றினேன் என்று தெரியாது. அந்த அறைக்குள் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒருவருக்கும் நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அப்படி ஒரு நாள் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

இரண்டு மணிக்கு மது பள்ளியால் வந்தாள். புத்தகப் பையோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"அக்கா, உனக்குத் தலை நரைச்சுப் போச்சு."

"வாயை மூடிக்கொண்டு அந்த டோர்ச்சை எடுத்துக்கொண்டு வா."

டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடிக்கச் சொன்னேன். அப்படி அடித்தால் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். மேலே இருந்து கீழே கொண்டுவந்தாள். மூன்று இடத்தில் நிழல் தெரிந்தது. அந்த மூன்றையும் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசினேன். நாலாவது தரம் அவள் டோர்ச்சைக் கொண்டுபோனபோது நிழலே இல்லை. "உன்னைப் பாக்கப் பயமா இருக்கு," என்றாள் மது. அவளுக்கு எல்லாம் தெரியும். நான் எழுதுவதில் சந்தேகம் இருந்தால் உன் சித்தியைக் கேள்.

பின்னேரம் அப்பா வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே போய்ப் பார்த்தார். "ரவி வந்தவனே?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அன்று அவர் குளிக்கவில்லை. சுவர் நனையக்கூடாது என்று குசினியில் முகம் கழுவினார். அம்மாதான் சொன்னார்: "நாளைக்கு ஃபிராவ் பெர்க் கேட்டா ரவி செய்தவன் எண்டு சொல்லுவம். பெரிய ஆள் செய்தது எண்டால்தான் நம்புவினம். வீட்டிலை நிக்கிற பொம்பிளைப் பிள்ளை சிமெந்து பூசினது எண்டால் என்ன நினைப்பினம்?" அப்பா என்னைப் பார்த்தார். நான் "ஓம்" என்றேன். உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஜெர்மனில் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ரவி மாமா இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார். குளியலறைக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"நான் இவ்வளவு வடிவாவே செய்தனான்?" என்றார்.

"இல்லை மாமா, நீங்கள் போனாப் பிறகு அது தானா நிமிந்தது," என்றாள் மது.

அம்மா அவளை முறைத்தார். மாமாவுக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மணி அடித்தது.

ஃபிராவ் பெர்க் தனியாக வரவில்லை. தன் தமக்கையின் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டையான, சிவந்த முகமுள்ள மனிதர். டைல்ஸ் பதிக்கிற சின்ன நிறுவனம் ஒன்று வைத்திருந்தார். எங்கள் குளியலறைக்கு முந்திய வருடம் பதித்தவர் அவர்தான். மேல்வீட்டில் என்ன திருத்த வேண்டும் என்று பார்க்க வந்தவர், போகிற வழியில் தன் வேலையையும் பார்க்க உள்ளே வந்தார். தொட்டிப் பக்கத்துச் சுவருக்கு முன்னால் நின்றார். கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டோர்ச்சை எடுத்துச் சுவரோடு ஒட்டி அடித்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன். "இந்தக் கோடுகள் நான் பூசியவை இல்லை, என்னுடையவை இவ்வளவு சமமாக வரவில்லை," என்றார் அந்த மனிதர். பிறகு, யார் செய்தது என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். தம்பி, இதை நீ கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் அவர் மேல் நீ கோபப்படக்கூடாது. அவர் என்னைத்தான் பார்த்தார். நான் சொல்வேனா என்று காத்து நின்றார். ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம். நான் தட்டில் இருந்த கோப்பைகளைப் பார்த்தேன். பின்வாங்கில் யாரோ எண்ணத் தொடங்கிய மாதிரி இருந்தது. மாமா "நான்" என்றார்.

துடைக்க முன் எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று அந்த மனிதர் கேட்டார். மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"உடனே துடைத்துவிட்டேன்," என்றார் மாமா.

"உடனேயா?"

"உடனே."

அந்த மனிதர் மாமாவின் கையைப் பார்த்தார். பிறகு தேநீர் எடுக்கத் திரும்பியபோது தட்டைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் தட்டை வாஷிங் மெஷினுக்கு மேல் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தனக்கு ஆள் வேண்டும், அந்தச் சுவரைச் செய்தவர் யாரென்றாலும் திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரலாம், பழக வருகிறவர் என்றாலும் பரவாயில்லை, சான்றிதழ் கேட்கமாட்டேன் என்று கொஞ்சம் உரத்துச் சொன்னார். குசினிக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரோ என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன்.

மேல்வீடு கிடைத்தது. மதுவுக்கும் எனக்கும் ஒரு அறை. திங்கட்கிழமை மாமா வேலைக்குப் போனார், புதன்கிழமை திரும்பி வந்துவிட்டார். "முதுகு ஏலாது," என்றார். அங்கே அவரைக் கோடு பூச விடவே இல்லையாம், பை தூக்க மட்டும் விட்டார்களாம். அதற்குப் பிறகு கதை வளர்ந்தது. முதல் வருடம் அவர் அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் சொல்வார். பிறகு பார்த்தே சொன்னார். இப்போது அவர் அதை முழுதாக நம்புகிறார் என்று நினைக்கிறேன். மாமா கெட்டவர் இல்லை. உனக்குச் சைக்கிள் பழக்கியவர், நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு கதிரையில் இருந்தவர். நான் இறுக்கிப் பிடிக்காத ஒன்றைத்தான் அவர் எடுத்தார்.

நான் பிறகு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான். அது குறைந்த வேலை என்று சொல்லவில்லை, உன்னை அதில்தான் வளர்த்தேன். ஆனால் எந்த வீட்டுக் குளியலறைக்குள் போனாலும் நான் முதலில் கோடுகளைத்தான் பார்க்கிறேன். இவ்வளவு நாளும் என் பேசாமையால் நட்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் பொருள், நான் விட்டேன், யாருக்கென்ன என்று. உன் படத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பதில் தெரியாத மனிதர் அன்று அந்த இடத்தில் சொன்ன ஒரு "உடனே", பதில் தெரிந்தவள் குசினிக்குள் போனதால் திருத்தப்படாமல் நின்று, இத்தனை வருடம் கழித்து உன் சுவரில் வந்து இருக்கிறது. உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி இதற்குள்ளேதான் எங்கேயோ இருக்கிறது. எனக்கு அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வராது.

சுவருக்குச் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது கோட்டை அப்படியே விடாதே. ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பாய். பள்ளத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் தங்கி ஆறு மாதத்தில் கறுத்துவிடும். மேலே கொஞ்சம் அப்பி நிரப்பவும் பார்க்காதே, அது செதிலாக உரிந்து விழும். டைல்ஸின் தடிப்பில் பாதிக்கு மேல் ஆழமாகச் சுரண்டி எடு. நிறம் வேறுபடாமல் இருக்க அந்த வரிசையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை எடு. தூசி போக்கு, லேசாக நனை, கோப்பையால் அளந்து குழை. ஹீட்டரை நிறுத்தி ஜன்னலைச் சாத்திவிடு, அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். முழங்காலில் இருக்காதே, ஒரு சின்ன ஸ்டூலில் இரு. சுவரும் சுவரும் சந்திக்கிற மூலைக்கு இந்த மாவைப் பூசாதே, அதற்குச் சிலிக்கோன். விரலில் ஒட்டாத நேரம் வரும்வரை வேறு வேலை பார். துடைத்த பிறகு டைல்ஸில் வெள்ளையாகப் படிந்திருப்பதை அடுத்த நாள் உலர்ந்த துணியால் துடை, போய்விடும். வினாகிரி வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதே.

சனிக்கிழமை உன் வீட்டில் பால் காய்ச்ச எல்லோரும் டுசல்டோர்ஃபுக்கு வருகிறோம். மாமாவும் வருகிறார். வந்ததும் குளியலறைக்குள் போவார், நகத்தால் இழுத்துப் பார்ப்பார், கதையைத் தொடங்குவார். நீ இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பாய். அவர் அன்று என்னைப் பார்த்த மாதிரி. உன்னை அந்த இடத்தில் நிற்பாட்ட எனக்கு விருப்பமில்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். போனை எடுத்து மாமாவின் இலக்கத்தை அழுத்தினேன்.

"ஓம் பிள்ளை, சொல்லு. சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"

"மாமா, அந்தச் சுவர்," என்றேன்.

"எந்தச் சுவர்?"

எந்தச் சுவர் என்றும், அதைப் பூசியது யார் என்றும் சொன்னேன்.